மூன்று சென்டிமீட்டர்

மாவுதான் முதலில் சொன்னது.
வெள்ளிக்கிழமை இரவு மூடிவைத்த தோசை மாவு
சனி காலை ஃபிரிட்ஜுக்குள்ளேயே பொங்கி
மூடியைத் தள்ளி, தட்டைத் தாண்டி
காய்கறிப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது.
அடுப்படியில் வைத்தால்கூட
இவ்வளவு உற்சாகம் காட்டாது.

மேல்தட்டில் மீன் கல்லாகக் கிடக்கிறது.
கீழ்த்தட்டில் தயிர் புளிக்கிறது.
பருவமே மாறாத இந்த ஊரில்
ஒரே பெட்டிக்குள் இரண்டு பருவம்.

குணாளன் கதவு ரப்பரைச் சந்தேகித்தார்.
இரண்டு வெள்ளி நோட்டை இடுக்கில் வைத்து மூடி
இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.
"போச்சு, பார்."
அது பிளாஸ்டிக் நோட்டு, எங்கே வைத்தாலும் வழுக்கும் என்றேன்.
நம் வீட்டில் என்றைக்கு நின்றிருக்கிறது?
மின்கட்டண ரசீதை வைத்து இழுத்தோம்.
அது நின்றது.

ஹம்டான் வந்து
மேலறையின் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார்.
உள்ளங்கை தடிமனில் ஒரு பனிச்சுவர்.
அதில் விசிறி உரசி உரசித்தான்
இத்தனை இரவும் அந்த டக் டக்.
ஐஸை உருக்கும் கம்பி செத்துவிட்டது,
காற்று கீழே இறங்க வழியில்லை,
கம்ப்ரசருக்கு ஒன்றுமில்லை என்றார்.
இதயம் நன்றாக இருக்கிறது என்பதுபோல
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பழுது பார்க்க இருநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
புதியது அறுநூறு.
பாதி விலையைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது
அவர் தொழிலில் ஒரு விதி.
பாதிக்குப் பத்து வெள்ளி குறைவு.
பதினேழு வயதுப் பெட்டி,
விதிக்குள் நுழையாமல்
வாசலிலேயே நின்றது.

சரி, புதியதே என்று கடைக்குப் போனோம்.
மின்சாரம் சேமிக்கும் டிக்குகளை எண்ணினார் குணாளன்.
நான் அகலத்தைப் படித்தேன்.
அறுபத்தைந்து, அறுபத்தேழு, எழுபது.
எங்கள் சமையலறைச் சந்து அறுபத்திரண்டு.
இடப்பக்கம் வெடிகுண்டுப் புகலிடத்தின் சுவர்,
ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை.
வலப்பக்கம் அலமாரி,
அதன் தவணை போன மாதம்தான் முடிந்தது.
ஒடுங்கியது ஒன்று இருந்தது.
என் மாவுச் சட்டி அதற்குள் போகாது.

புக்கிட் பாத்தோக்குக்கு பஸ்ஸில் திரும்பினோம்.
அளவு நாடா அவர் சட்டைப்பையில்
எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது.

ஞாயிறு காலை பிளக்கைப் பிடுங்கினேன்.
உள்ளே இருந்ததெல்லாம் தாழ்வாரம் முழுக்கப் பிரிந்து போயின.
பால், வெண்ணெய், கறிவேப்பிலை ரோஹாயா வீட்டுக்கு.
ஆட்டிறைச்சி எந்தக் கடையில் வாங்கியது என்று
அவள் கேட்கவில்லை.
கேட்கும் முன் நானே அதை மீனோடு சேர்த்து
திருவாட்டி லிம் வீட்டில் கொடுத்துவிட்டேன்.
பௌர்ணமி என்பது எனக்கு மறந்துபோனது.
அன்று அவர் சைவம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
உறைபெட்டியில் இடம் ஒதுக்கினார்.
மாவை மட்டும் யாரும் ஏற்கவில்லை,
அதன் புகழ் அதற்குள் பரவியிருந்தது.
மதியம் பதினோராம் மாடிக்கே தோசை.

ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு
முக்காலியில் ஒரு மணி நேரம்.
சுவர் முதலில் வியர்த்தது.
அப்புறம் ஒரு பலகை அளவுக்குச் சரிந்து
தரையில் உடைந்தது.
வீட்டில் இருந்த துண்டெல்லாம் நனைந்த பிறகு
ஈசூன் முகாமிலிருந்து விடுப்பில் வந்த மகன்
கதவருகே நின்று கேட்டான்,
"அம்மா, இதற்குப் புதுசு வாங்கலாமே?"

மாலை பிளக்கைச் சொருகினேன்.
ஒரு டக். பிறகு அந்தப் பழைய முனகல்.
போன பொருள்கள் திரும்பி வந்தன.
வெண்ணெயோடு ரோஹாயாவின் சம்பல் ஒரு டப்பா,
மீனோடு நான் பெயர் அறியாத ஏதோ ஒரு கீரை.

இரண்டு வாரம் தாங்கும் என்றிருந்தார் ஹம்டான்.
அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
குணாளன் அளவு நாடாவை
ஃபிரிட்ஜின் தலையிலேயே வைத்திருக்கிறார்,
சுவர் மனம் மாறினால் உதவும் என்று.

இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது
அந்த இரண்டு வெள்ளியைத் தேடி எடுத்து
கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன்.
வந்தது.
கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.